முதல் நாலு எட்டு

முழங்கால் மூட்டு மாற்றியவரின் வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் அவரை நடக்கச் சொல்ல மாட்டேன். நாற்காலியில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பேன். பேரன் எங்கே படிக்கிறான், இந்த வருஷம் காய் விலை எப்படி, சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிடும். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க பெரியம்மா" என்பேன். அவர் எழுந்து அடுப்படிப் பக்கம் வைக்கும் முதல் நாலைந்து எட்டுகளைப் பார்க்கத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

எலும்பில் கெட்டியாகப் பிடித்திருக்கும் செயற்கை மூட்டு, எழுந்த கணமே உடம்பின் எடையை வாங்கிக்கொள்ளும். பிடி விட்டுப்போன மூட்டு அப்படி வாங்காது. எழுந்ததும் சுள்ளென்று ஒரு வலி வரும். கை தானாகச் சுவரைத் தேடும். நாலு எட்டு வைத்ததும் வலி குறைந்துவிடும். தெருமுனை வரை போனால் திரும்பவும் தலைகாட்டும். எடை இல்லாதபோது மிக நுட்பமாக விலகி நிற்கும் உலோகத் தட்டு, எடை ஏறும்போது எலும்பின் மேல் மறுபடி அழுந்தி உட்காருவதால் வரும் வலி அது. அறுவைக்குப் பிறகு பல வருஷம் நன்றாக நடந்த ஒருவருக்கு இந்த வலி புதிதாக வந்திருந்தால், எக்ஸ்ரே பார்க்காமல் அவருக்கு ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தருவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை செய்பவள் நான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வாசலுக்கே வரும் என்று ஏற்பாடாயிற்று. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் என்று பார்க்கப் போகும் இடத்தில், பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி, நடுவில் ஓடும் நீளத் தழும்பைக் காட்டுவார். முந்தலிலும் குரங்கணியிலும், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு லயன் வீடுகளிலும் இந்தத் தழும்பு இப்போது அரிதான காட்சி இல்லை.

இந்தச் சரிவில் முழங்கால் தேய்வதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளரும். காய்ப்பது மட்டும் தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரத்தில். காய் எடுக்கும் பெண் செடிக்குச் செடி குத்தவைத்து உட்கார வேண்டும். எழுந்து ஒரு எட்டு நகர்ந்து மறுபடி குத்தவைக்க வேண்டும். தரை ஈரமாக இருக்கும், சரிவாகவும் இருக்கும். விடியுமுன்னே போடியில் ஜீப் ஏறி, மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களில் நாள் முழுக்க இப்படி இருந்துவிட்டு, பொழுது சாய ஊர் திரும்பும் வாழ்க்கை இருபது முப்பது வருஷம் நீண்டால் முழங்காலில் குருத்தெலும்பு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. கால் வில்லாக வளைந்த பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள்.

மூட்டையே மாற்றலாம் என்ற பேச்சு நம் ஊர்த் திண்ணை வரை வந்ததற்கு ஒரு பிரதமரும் காரணம். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் வாஜ்பாய்க்கு ஒரு முழங்காலும், அடுத்த ஆண்டு மற்றதும் மாற்றப்பட்டன. செய்தவர் நியூயார்க்கில் பணியாற்றிய டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். 1970களில் அங்கே ஜான் இன்சாலோடு சேர்ந்து, இன்றைய முழங்கால் மூட்டுகளுக்கெல்லாம் முன்மாதிரியான வடிவத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர். பிறகு தமிழ்நாட்டில் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்து, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த பொருள் அது. கூலிவேலை செய்த கால்களுக்கும் புது மூட்டு கிடைத்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஆனால் மூட்டைப் பொருத்தியவுடன் கதை முடிந்துவிட்டதாகக் குடும்பங்கள் நினைத்துக்கொள்கின்றன. மறுபரிசோதனைக்கு முதல் வருஷம் போவார்கள். வலி இல்லையென்றால் அத்தோடு சரி. பிடி தளர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், சத்தமில்லாமல்.

போடியில் ஒரு பெரியம்மா. மதுரையில் ஒரு மருத்துவமனையில் வலது முழங்காலை மாற்றி எட்டு வருஷம் ஆகியிருந்தது. மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு ஏலக்காய் வியாபாரி ஒருவரின் குடோனில் காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்துவந்தார். நான் போனது அவருடைய கணவரின் பக்கவாதத்துக்காக. போகும்போதெல்லாம் அவர் எழுகிற விதம் கண்ணில் பட்டது. கேட்டேன்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல தாயி. எந்திரிக்கையில முத நாலு எட்டு மட்டும் சுள்ளுங்குது. அப்புறம் சரியாப் போயிருது. வயசாகுதுல்ல."

"எம்புட்டு நாளா?"

"போன தைக்கு முந்தியே இருந்துச்சு. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா கேக்கும். எண்ணெய் தேச்சுவிட ஒருத்தர் வாராரு."

எங்கே வலிக்கிறது என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். முட்டிச் சில்லைக் காட்டவில்லை. அதற்கு நாலு விரற்கடை கீழே, கெண்டைக்காலின் முன்னெலும்பின் உள்பக்கத்தைத் தொட்டார். நிற்க வைத்துப் பார்த்தபோது அறுவையில் நேராக்கப்பட்ட கால் மறுபடி வெளிப்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது. மற்ற காலைவிட முட்டி கொஞ்சம் வீங்கியும் இருந்தது. சூடு இல்லை. ராத்திரி தூக்கத்தில் வலி இல்லை.

"பழைய எக்ஸ்ரே இருக்கா பெரியம்மா?"

இருந்தது. பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில், ஆபரேஷன் முடிந்து எடுத்த படமும், ஒரு வருஷம் கழித்து எடுத்ததும். இந்த இரண்டு படங்களும் எவ்வளவு பெரிய சொத்து என்று அவருக்குத் தெரியாது. செயற்கை மூட்டின் எக்ஸ்ரேயைத் தனியாக ஒரு படமாக வைத்துக்கொண்டு தளர்ந்திருக்கிறதா என்று சொல்வது பல நேரம் கடினம். சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவே மயிரிழை போலத் தெரியும் கறுப்புக் கோடு ஆரம்பத்திலிருந்தே இருந்து, வளராமல் அப்படியே நின்றிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அதே கோடு முன்பு இல்லாமல் இருந்து இப்போது வந்திருந்தாலோ, அகன்றுகொண்டே போய் 2 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, தட்டு சாய்ந்திருந்தாலோ அது வேறு கதை. படம் எடுக்கும்போது கதிர் தட்டுக்கு இணையாக விழ வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் உலோகத்தின் நிழல் அந்தக் கோட்டை மறைத்துவிடும். அதனால் முட்டி மாற்றியவரை அனுப்பும்போது அதைச் சீட்டில் எழுதியே அனுப்புவேன்.

புதுப் படத்தைப் பழையவற்றோடு பக்கத்தில் வைத்தபோது எலும்பு சிகிச்சை டாக்டருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கீழ்த்தட்டின் உள்பக்கத்துக்கு அடியில் முன்பு வெள்ளையாக இருந்த இடத்தில் கறுப்புக் கோடு. தட்டும் உள்பக்கமாக இறங்கியிருந்தது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. கிருமி இல்லாத தளர்ச்சி என்று முடிவானது.

உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தக் குடும்பத்துக்கு விளக்க எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது தேவைப்பட்டது. செயற்கை மூட்டில் தொடையெலும்பின் நுனிக்கு ஓர் உலோக மூடி, கீழெலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் எனும் கெட்டியான பிளாஸ்டிக். உலோகத்தை எலும்பில் நிறுத்துவது 'எலும்பு சிமெண்ட்'. செயற்கைப் பல்செட்டுக்குப் பயன்படும் அக்ரிலிக் வகைதான் அது. பசைபோல ஒட்டாது. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிக் கவ்விக்கொள்ளும். வயதான பெண்ணின் எலும்பு பஞ்சாகிவிட்டால் கவ்வுவதற்கு அங்கே ஆதாரம் குறைவு. கால் வளைவை முழுதாக நேராக்காமல் விட்டிருந்தால் எடையெல்லாம் உள்பக்கத்திலேயே இறங்கும். இவற்றோடு, வருஷக்கணக்கான நடையில் பிளாஸ்டிக் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிரும். உடம்பின் காவல் செல்கள் அந்தத் துகள்களை விழுங்கும். செரிக்க முடியாமல் அவை வெளியிடும் ரசாயனங்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். கடைசியில் கரைவது மூட்டைத் தாங்கிநிற்கும் அவருடைய சொந்த எலும்பு.

துகளின் குணத்தை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றை நிலைநிறுத்திய ஜான் சார்ன்லி. முதலில் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில வருஷத்திலேயே தேய்ந்து, சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. டெஃப்லான், பாலிஎத்திலீன் இரண்டையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு எது உடம்பை உறுத்துகிறது என்று அவர் பார்த்தார். 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றுவரை அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான் நம் பெரியம்மாக்களின் முழங்காலிலும் இருக்கிறது, முன்னைவிடப் பல மடங்கு மேம்பட்டு.

இவ்வளவையும் நான் அப்படியே சொல்லவில்லை. அவருடைய மகனிடம் மழைக்காலத்து வேலிக்கல்லைச் சொன்னேன். நட்ட கல் ஒருதரம் ஆட ஆரம்பித்துவிட்டால் ஒவ்வோர் ஆட்டமும் குழியைப் பெரிதாக்கும், அதனால் இன்னும் அதிகமாக ஆடும். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்ப நடக்க நடக்கக் குழி பெருசாகும்ல?" என்று அவரே கேட்டார். ஆமாம். நான் அவசரப்பட்டதும் அதற்காகத்தான். இன்றைக்குச் செய்தால் சின்ன உலோகத் துண்டு வைத்து அடைத்துவிடக்கூடிய பள்ளம், இரண்டு வருஷம் வலி மாத்திரையில் ஓட்டினால் எலும்பின் பாதியைத் தின்றிருக்கும். அந்த மாத்திரை சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

இறக்கம் பற்றி ஒரு வார்த்தை. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் முழங்கால் மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி பொருத்தி, நடக்கும்போது எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று நோயாளிகளிடம் நேரடியாக அளந்து 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு. படியேறும்போது 3.2. படியிறங்கும்போது 3.5. ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குப் பாரம். மலையில் இருப்பவர்கள் ஏறுவதற்குப் பயப்படுகிறார்கள், இறக்கத்தில் விறுவிறுவென்று வந்துவிடுகிறார்கள். நான் அதைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். இறங்கும்போது ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில் தடி. ஆபரேஷன் செய்த கால் முதலில் கீழே இறங்கட்டும், நல்ல கால் பின்னால் வரட்டும். ஏறும்போது நல்ல கால் முன்னே. லயன் வீட்டில் கழிப்பறை சரிவில் கீழே தள்ளி இருக்கும். ராத்திரிக்கு மட்டுமாவது வீட்டுக்குள் ஒரு கமோடு நாற்காலி வேண்டும் என்று பிள்ளைகளிடம் சண்டைபோட்டிருக்கிறேன்.

மாற்றிய முழங்கால் எத்தனை வருஷம் வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்து, முழுதாக மாற்றிய முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் நிற்கும் என்று கணக்கிட்டது. நல்ல செய்தி, பயந்து கிடப்பவரிடம் தைரியமாகச் சொல்வேன். ஆனாலும் அது தரையில் சம்மணமிட்டு உட்காராத, குத்தவைத்து வேலை செய்யாத மக்களின் கணக்கு. இந்தச் சரிவுக்கு அதை அப்படியே பொருத்த எனக்கு மனம் வருவதில்லை.

தளர்ச்சியில் இன்னொரு வகை இருக்கிறது. அதைக் கண்டால் எனக்கு உடனே வண்டி வேண்டும். மலையடிவார ஊரில் ஒரு பெரியவர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பல வருஷச் சர்க்கரை. முழங்கால் மாற்றி இரண்டு வருஷம். ராத்திரியெல்லாம் வலி என்றார். படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. புறங்கையை வைத்தால் முட்டி சுட்டது. பெரியவர் ஏற்கெனவே ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கியிருந்தார். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது. ஓய்விலும் ராத்திரியிலும் வரும் வலி, சூடு, வீக்கம் மூன்றும் சேர்ந்தால் கிருமி உள்ளே புகுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மூட்டுக்குள்ளிருந்து நீரை ஊசியில் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். எடுக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக் உள்ளே போனால் கிருமி ஒளிந்துகொள்ளும். எது என்று தெரியாமல் போய்விடும். மருந்தை நிறுத்தி, நாள் விட்டு, பிறகு நீர் எடுக்க வேண்டியதாயிற்று.

அவருக்கு இரண்டு கட்டமாகச் செய்தார்கள். முதலில் மூட்டு முழுவதையும் கழற்றி, கிருமிக்கொல்லி கலந்த சிமெண்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் ஊசி. ரத்தப் பரிசோதனைகள் சரியான பிறகு புது மூட்டு. அந்த இடைக்காலம் கொடுமையானது. கால் மடங்காது, பிரேஸ் போட்டு வாக்கரில்தான் நகர்வு. அந்த வாரங்களில் நான் அவருக்குச் செய்தது மூட்டுப் பயிற்சியே இல்லை. கணுக்காலை ஆட்டுவது, மூச்சுப் பயிற்சி, புண் வராமல் திருப்பிப் படுப்பது, வாக்கரோடு கழிப்பறைக்குப் போய்வர வழி பண்ணுவது. அவரை அவ்வப்போது கடைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். அது என் பட்டியலில் இருந்த எதையும்விட அவருக்கு உதவியது.

வலி என்று வந்தவர்கள் எல்லோருக்கும் மூட்டு கழன்றிருப்பதில்லை. அதையும் சொல்லாவிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும். நடக்கும்போது 'டக் டக்'கென்று சத்தம் கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது, பெரும்பாலும் குற்றமில்லை. தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது, தோலுக்கடியில் போகும் சிறு நரம்பு அறுபடுவதால் வருவது. முதல் சில மாதம் முட்டி கொஞ்சம் கதகதப்பாக இருப்பதும் இயல்புதான். இடுப்பு மூட்டு தேய்ந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் வலி முழங்காலில் இறங்கும். அதனால் முட்டியைத் தொடுமுன் இடுப்பைச் சுழற்றிப் பார்ப்பேன். ஒரு அக்கா, முட்டி கழன்றுவிட்டதென்று ஜோசியர் வரை போய்விட்டார். தேய்ந்திருந்தது இடுப்பு.

எக்ஸ்ரேயோடு இன்னொரு காகிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். மூட்டின் கம்பெனி, அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் உண்டு. மறு அறுவை செய்யும் டாக்டர், பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதுமென்ற நிலையில் அதற்குப் பொருந்தும் துண்டை வரவழைக்க இது வேண்டும். வேறு காரணமும் இருக்கிறது. எக்ஸாக்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் 2021, 2022 ஆண்டுகளில் தன் மூட்டுகளின் பிளாஸ்டிக் துண்டுகளைத் திரும்பப் பெற்றது. அவற்றை அடைத்த உறையில் காற்றைத் தடுக்கும் ஓர் அடுக்கு விடுபட்டுப்போய், ஆக்சிஜன் பட்டு பிளாஸ்டிக் முன்கூட்டியே தேயக்கூடும் என்பது காரணம். இப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில், தன் முழங்காலில் இருப்பது எது என்று போடிமெட்டில் இருக்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் வழி. செல்போனில் படமெடுத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பிவைக்கச் சொல்வேன்.

பெரியம்மாவுக்கு மறு அறுவை மதுரையில் நடந்தது. "இன்னொரு தடவை கத்தியா" என்று ஒரு மாதம் மறுத்தார். மகனும் நானும் மாறி மாறிப் பேசினோம். உள்ளே தட்டு கையாலேயே எடுக்கவரும் அளவுக்கு விட்டிருந்ததாக டாக்டர் சொன்னாராம். எலும்புக்குள் நீளமாக இறங்கும் தண்டுள்ள தட்டை வைத்து, உள்பக்கப் பள்ளத்தை உலோகத் துண்டால் நிரப்பினார்கள். 2023 ஜூனில் மதுரைக்கும் போடிக்கும் நடுவே ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதில் மறுபரிசோதனைக்குப் போய்வருவது அவருக்கு எளிதாயிற்று. பஸ்ஸில் காலை நீட்ட இடமிருக்காது.

இரண்டாம் அறுவைக்குப் பிறகு நடை மெதுவாகத்தான் திரும்பும், முதல் தடவையோடு ஒப்பிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். தொடைத் தசை இறுக்குவது, குதிகாலைத் தரையில் தேய்த்து மடக்குவது, தடியோடு நேராக நடப்பது என்று ஆரம்பித்தோம். தொண்ணூறு டிகிரி மடங்கியதும் நிறுத்திக்கொள்ள அவர் விரும்பினார். நாற்காலிக்கு அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன். குடோன்காரர் அவருக்கு மட்டும் உயரமான பலகையும் ஸ்டூலும் போட்டுக்கொடுத்தார். இப்போது அங்கே மூன்று ஸ்டூல் இருக்கிறது.

எங்கள் பகுதித் தன்னார்வலர் அக்காக்களிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். முட்டி மாற்றிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எந்தக் கால், எந்த வருஷம், எந்த மருத்துவமனை, ஸ்டிக்கர் இருக்கிறதா, கடைசி எக்ஸ்ரே எப்போது. முதல் நாலு எட்டு வலி உண்டா என்று அவர்களே கேட்டுக் குறித்துவிடுகிறார்கள். வலி இல்லாதவர்களையும் ஆனி மாதத்துக்குள் எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிடப் பார்க்கிறோம். ஆடி பிறந்து காய் எடுப்பு மும்முரமானால், விடியற்காலை ஜீப்பில் இடம் பிடிக்கப் போகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல முடியாது.